சுமை ஏற்றும் முன் சைக்கிளைப் பாருங்கள்

மண்வெட்டி, அரிவாள் போலச் சிறு விவசாயிக்குச் சைக்கிளும் ஒரு கருவியே. மொபெட்டுகள் பெருகிய பின்னும் பால் கேனைச் சொசைட்டிக்கும், கீரைக்கட்டை உழவர் சந்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல ஊர்களில் இன்றும் சைக்கிள்தான். ஆனால் அரிவாளைத் தீட்டி வைக்கிற கை சைக்கிளைத் தொடுவதில்லை. அது வழியில் நின்ற பிறகே அதன் ஞாபகம் வருகிறது.

40 லிட்டர் கேன் நிறையப் பால் என்றால் பாலின் எடை மட்டுமே சுமார் 41 கிலோ. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாலும் ஏறினால் எடை ஒன்றரை மடங்காகிறது. அதே வேகத்தில் போய், அதே அளவு பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் ஒன்றரை மடங்காகும். வெறும் சைக்கிள் 6 மீட்டரில் நிற்குமானால், கேனுடன் 9 மீட்டர் வேண்டும். சந்துக்குள்ளிருந்து ஆடு குறுக்கே ஓடிவரும்போது இந்த 3 மீட்டர்தான் கணக்கு. ஆகவே எதைப் பார்க்காவிட்டாலும் பிரேக்கைப் பார்க்காமல் சுமை ஏற்றக் கூடாது.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. அதேபோல் பின் பிரேக்கையும் பிடித்துப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பிரேக் பிடி ஹேண்டில் பாரைத் தொடும் வரை வந்தால் ராடு இணைப்பின் நட்டு தளர்ந்திருக்கும். அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். கட்டை தேய்ந்து தகடு ரிம்மை உரசினால் ரிம்மும் போகும், பிடிப்பும் போகும். புதுக் கட்டை மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டையைத் தாங்கும் தகட்டின் ஒரு முனை மூடியும் மறு முனை திறந்தும் இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ரப்பரை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கம் மூடிய முனை வர வேண்டும். மாற்றி மாட்டினால் பிரேக் பிடித்த வேகத்தில் கட்டை நழுவி விழுந்துவிடும்.

அடுத்தது டயர். பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்கினால் சுமையின்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். சுமை பின்னால்தானே என்று தேய்ந்த டயரை முன் சக்கரத்துக்கு மாற்றும் வழக்கம் உண்டு. நூல் தெரியும் டயர் எந்தச் சக்கரத்துக்கும் ஆகாது. முன்சக்கரத்துக்கு அறவே ஆகாது. பின் டயர் வெடித்தால் வண்டி நிற்கும். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகும்.

பிறகு பெடல் தண்டுகள் இரண்டையும் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. பலர் நட்டை மட்டும் முறுக்கிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பின்னைச் சுத்தியால் மெல்லத் தட்டி உட்கார வைத்த பிறகே நட்டை முறுக்க வேண்டும். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் அச்சும் தேய்ந்து செலவு பெருகும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால் நடு போல்ட்டை முறுக்க வேண்டும்.

வீட்டில் இருக்க வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பல அளவுத் துளைகள் உள்ள ஸ்பானர் ஒன்று, திருப்புளி, டயர் லீவர் இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு ரப்பர், பம்பு, விரல் நீளத்துக்கு வால்வு ட்யூப். கடைசியாகச் சொன்னது மலிவான பொருள். வெயிலில் காய்ந்து வெடித்தால் காற்று நிற்காது. பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும்.

பஞ்சர் ஒட்டும்போது அவசரம் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் காய்ந்து விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ட்யூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கருவேல முள் ஒடிந்து உள்ளேயே இருந்தால் அரை மைலில் மறுபடியும் பஞ்சர்தான்.

செயினுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ரிம்மில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும். யூரியா மூட்டை ஏற்றிய அன்று செயினையும் கேரியரையும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்ததும் செயினுக்கு எண்ணெய் இடுங்கள். உரம் இரும்பை அரிக்கும். செயின் தேய்ந்ததா என்று அறிய 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சுமை கட்டிய கயிற்றின் வால் தொங்கக் கூடாது. அது ஸ்போக்ஸ் கம்பியில் சுற்றிக்கொண்டால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். விடியும் முன் கிளம்புகிறவர்களின் கேனும் புல்லுக்கட்டும் மட்கார்டிலுள்ள சிவப்புக் கண்ணாடியை மறைத்துவிடுகின்றன. ஒளி திருப்பும் சிவப்புப் பட்டையைக் கேனின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

மழை நாளில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. இறக்கத்துக்குச் சற்று முன்னதாகவே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தை வழித்துவிட்டு, பிறகு இறங்குங்கள். இறக்கம் செங்குத்தாக இருந்தால் கேனோடு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்.