வில்லங்கச் சான்றிதழில் வராத வெள்ளம்

வெள்ளம் புகுந்த பகுதியில் வீட்டு விலை சரிந்துவிடும், அப்புறம் அங்கே யாரும் வாங்க மாட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. விலை சரிவது உண்மைதான், ஆனால் சரிந்தபடியே கிடப்பதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1994 வெள்ளத்துக்குப் பிந்தைய வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தவர்கள், அபாயத்துக்காகக் குறைந்த விலை 4 முதல் 9 ஆண்டுகளுக்குள் மீண்டுவிட்டதைக் கண்டார்கள். சென்னையிலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரியில் கட்டுமானம் ஓய்ந்துவிடவில்லை. வடிகால் கட்டி அபாயம் குறைந்ததால்தானே விலை நிற்கிறது என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் திரும்பவும் தண்ணீரில் நின்றன. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகவேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிப்போன பிறகு தெருவுக்குத் தெரு வடிகால் கட்டினாலும், அந்தத் தண்ணீர் போய் நிற்க இடம் வேண்டுமே.

ரயிலும் ஐடி வேலையும் பக்கத்தில் இருப்பதால் மக்கள் தெரிந்தேதான் வாங்குகிறார்கள் என்பது இன்னொரு வாதம். பாதி சரி. தெரிந்து வாங்குவதென்றால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, சிஎம்டிஏ அப்ரூவல் என்று அத்தனையையும் வக்கீலிடம் காட்டிச் சரிபார்ப்பவருக்கு, 2015-இல் அந்த வீட்டுக் கூடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் வரும், விற்பனை வரும்; வெள்ளம் வராது. சுவரின் ஈரக்கறையோ ஒரு கோட் பெயின்டில் மறைந்துவிடும்.

வெள்ளம் போனபின் வியாபாரம் சூடுபிடித்து ஊர்ப் பொருளாதாரம் எழுந்துவிடும் என்ற பேச்சிலும் இதே ஓட்டைதான். ஃபிரிட்ஜும் மெத்தையும் விற்பது கணக்கில் ஏறுகிறது. அதற்காக வாங்கிய நகைக்கடனும், அதனால் தள்ளிப்போன செலவுகளும் ஏறுவதில்லை. உள்நாட்டு உற்பத்திக் கணக்கு அந்த ஆண்டு நடந்த உற்பத்தியைத்தான் அளக்கிறது, அழிந்துபோன சொத்தை அதில் கழிப்பதில்லை. மிக்ஜாமில் மூழ்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினைப் பிரித்துத் துடைத்துப் பழுதுபார்த்த மெக்கானிக்கின் கூலி வருமானமாக ஏறும். மெஷின் நின்ற நாட்களில் கைவிட்டுப்போன ஆர்டரை எழுதி வைக்கத் தனிப் பத்தி கிடையாது. நிவாரணப் பணம் வெளியிலிருந்து வருகிறதே என்றால், வருகிறதுதான். ஆனால் அது போன சரக்கையும் போன நாட்களையும் முழுசாக ஈடுகட்டுவது அபூர்வம்.

இதில் வீட்டைத் தூக்கும் தொழில் தனிக்கதை. மேலே மேலே தார் போட்டு உயர்ந்த தெருவுக்குக் கீழே போன வீட்டை ஜாக்கி வைத்துச் சில அடி உயர்த்துகிறார்கள். புதிய அடுக்குமாடிகள் மனையை மேடாக்கி, ஸ்டில்ட் பார்க்கிங் விட்டு எழுகின்றன. அந்தச் செலவு முழுவதும் கட்டுமான வளர்ச்சியாகவே பதிவாகிறது. அங்கே ஏற முடியாத தண்ணீர் பக்கத்துப் பழைய வீட்டின் தரைத்தளத்துக்குப் போகிறது. அங்கே இருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர். அவர் இழப்பது வீட்டு விலையில் எந்த நாளும் சேராது.