கையால் தைத்த நாட்குறிப்பு ஏடு

மறத்தல் மாந்தர்க்கு இயல்பு. எழுதி வைத்தல் அதற்கு மருந்து. எனினும் எழுதிய தாள்கள் சிதறுமாயின் அம்மருந்து பயன்படாது. ஆதலின், எழுதுவோர் தம் ஏட்டினைத் தாமே தைத்துத் துணியுறை இட்டுக்கொள்ளும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நாட்குறிப்பின் பெருமைக்கு வடசென்னையே சான்று பகரும். பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்குத் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் 1761 வரை, தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தமிழில் எழுதி வந்தார். அவ்வேடுகள் அவர் வழியினரது இல்லத்தில் 1846-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. இன்று அக்காலத்து வரலாற்றை எழுதுவோர் அவற்றை நாடாதிரார். ஆயினும் அவற்றுள் இடையிடையே சில பகுதிகள் கிடைத்தில. எழுதுதல் வேறு, எழுதியது எஞ்சி நிற்றல் வேறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மை சடையங்குப்பம் போன்ற ஊர்களுக்குப் பெரிதும் பொருந்தும். கொசத்தலையாற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் அண்டிய தாழ்நிலம் அது. பூண்டி நீர்த்தேக்கத்து உபரிநீர் ஆற்றிற் பெருகுங்கால் வெள்ளத்திற்கு அஞ்சும் இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அக்கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பரவியது. நீர் எந்நாளில் எப்படி வரை ஏறியது, எப்பொழுது வடிந்தது, அதன்பின் வலையில் மீன் பட்டதோ இல்லையோ என்பனவற்றை அங்கு வாழ்வாரே நன்கு அறிவர். அவர் எழுதி வையாவிடின் அவ்வறிவு ஒரு தலைமுறையில் மறைந்துபோம்.

இனி முறையைக் கூறுவாம். ஏ-3 அளவுள்ள தாள் 20 எடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் 40 தாள் ஆகும். காகிதத்திற்கும் மரத்தைப் போல ஓட்டம் உண்டு. தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் பக்கத்து மடிப்புக்கு இணையாக அவ்வோட்டம் அமைந்திருக்கும். அது ஏட்டின் முதுகுக்கு இணையாதல் வேண்டும். இன்றேல் ஈரக்காற்றில் பக்கங்கள் அலையலையாக நெளியும். நீள ஓட்டமுள்ள ஏ-3 தாளை மேற்கூறியவாறு வெட்டி மடித்தால் இக்குறை நேராது.

ஐந்து ஐந்து தாளாகச் சேர்த்து நடுவே மடிக்க, எட்டு மடிப்புகள் ஆகும். இவற்றை அச்சகத்தார் பாரம் என்பர். இவ்வேடு 160 பக்கம் கொண்டது, 21 செ.மீ. உயரமுடையது. ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் மேலிருந்து 1.5, 6, 7.5, 13.5, 15, 19.5 செ.மீ. தொலைவுகளில் குத்தூசியால் ஆறு துளை இடுக. இரண்டாம், மூன்றாம் துளைகட்கு இடையே ஒன்றும், நான்காம், ஐந்தாம் துளைகட்கு இடையே ஒன்றுமாக, 8 செ.மீ. நீளமுள்ள பருத்தி நாடா இரண்டினை முதுகின் குறுக்கே வைக்க.

தேன்மெழுகு பூசிய உறுதியான நூல் ஏறத்தாழ 2 மீட்டர் எடுத்து, முதற் பாரத்தின் முதல் துளையில் வெளியிருந்து உள்ளே ஊசியைச் செலுத்துக. நூலின் நுனியை வெளியே சிறிது விடுக. இரண்டாம் துளையில் வெளிவந்து, நாடாவைத் தாண்டி, மூன்றாம் துளையில் நுழைந்து, இவ்வாறே ஆறாம் துளையில் வெளிவருக. அதன்மேல் இரண்டாம் பாரத்தை வைத்து, அவ்வழியே திரும்பித் தைத்து வந்து, முன்விட்ட நுனியோடு முடிச்சிடுக. மூன்றாம் பாரம் முதலாக, ஒவ்வொரு முனையிலும் கீழுள்ள இரு பாரங்களை இணைக்கும் நூலுக்கு அடியில் ஊசியைக் கொடுத்து வாங்கி இறுக்குக. கட்டடத்தின் உயிர் இத்தையலிலேயே உள்ளது. பிறவெல்லாம் அதற்கு உடை.

பசை செய்யும் வகை: மைதா ஒரு பங்கு, நீர் ஐந்து பங்கு, கட்டியின்றிக் கரைத்துச் சிறுதீயிற் கிளறுக. பூச்சி அரியாதிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பதுண்டு. அது நஞ்சாதலின் சமையற் கலத்தில் செய்யற்க. கையை நன்கு கழுவுக. முதற் பாரத்திலும் இறுதிப் பாரத்திலும் மடித்த வெற்றுத்தாள் ஒவ்வொன்றை முதுகோரமாக ஒட்டி, முதுகிற் பசை தடவி, இருபுறமும் 2.5 செ.மீ. நீளுமாறு மல்துணி ஒட்டி உலர்த்துக.

மேலுறைக்கு 2 மி.மீ. தடித்த அட்டை இரண்டு, 21.6 செ.மீ. உயரமும் 14.5 செ.மீ. அகலமுமாக வெட்டுக. முதுகுப் பட்டைக்கு 1.4 செ.மீ. அகலம் போதும். துணிக்கு வெளியூர் செல்ல வேண்டா. காலிகோ என்னும் பெயரே கள்ளிக்கோட்டையிலிருந்து வந்தது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையோ, ஆளுநர் காலெட் 1717-க்கும் 1720-க்கும் இடைப்பட்ட தம் ஆட்சியில் நெசவாளர்க்கென அமைத்த ஊர். அம்மாவின் பழைய பருத்திச் சேலையும் தகும். துணியின் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டி உலர்த்திக்கொண்டால் பசை மேலே கசியாது. 36 செ.மீ. அகலமும் 26 செ.மீ. உயரமுமான துணியின் நடுவே பட்டையையும், அதன் இருபுறமும் 7 மி.மீ. இடம் விட்டு அட்டைகளையும் ஒட்டுக. மூலைகளைச் சரிவாக வெட்டி ஓரங்களை உள்மடித்து ஒட்டுக. பின்னர் ஏட்டை உள்ளே வைத்து, நாடாவும் மல்துணியும் அடியில் அமைய, வெற்றுத்தாள்களை அட்டையோடு ஒட்டுக. ஈரம் பரவாதிருக்க மெழுகுத்தாள் இடைவைத்து, ஓரிரவு அம்மிக்கல்லின் கீழ் இருத்துக. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பசை உலராது பூசணம் பூக்கும்; தை முதல் பங்குனி வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம்.

இவ்வேடு வெள்ளத்திற்கு அரணாகுமோ எனின், ஆகாது. நீரில் மைதாப்பசை இளகும், துணி கழலும். ஆயின் பசையால் மட்டும் ஒட்டிய ஏடு தாள்தாளாகப் பிரிந்துபோகத் தைத்த ஏடோ வரிசை குலையாது நிற்கும். நிழலில் உலர்த்தி மீட்கலாம். ஊற்றுப்பேனா மை நீரிற் கரையும். பென்சில் எழுத்துக் கரையாது. ஆதலின் பென்சிலால் எழுதுக. மூடியுள்ள தகரப் பெட்டியில் உயரத்தில் வைக்க.

முதற் பக்கத்தில் ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதுக. அடுத்த பக்கத்தில், சென்ற வெள்ளம் சுவரில் விட்ட கறையைத் தரையிலிருந்து அளந்து, அவ்வளவை எழுதுக. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன்னரே அதனைச் செய்க.