குளத்தின் நீரேந்து நிலத்தை அளந்தறிதல்

கமக்காரர்களே,

மழை பெய்து எவ்வளவு நேரத்தில் வெள்ளம் குளத்தை அடையும் என்பதை முன்னரே அறிந்தவர், துருசையும் வாய்க்காலையும் காலத்தில் ஆயத்தஞ் செய்வர். அறியாதவர் விதைத்த வயலை இழப்பர். 2018 ஆம் ஆண்டு மார்கழியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பாய்ந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளத்தின் வேகம் மழையை மட்டும் பொறுத்ததன்று. நீரேந்து நிலத்தின் வடிவத்தையும் வடிகாலையும் பொறுத்தது.

நீரேந்து நிலம் எது?

எந்நிலத்தில் வீழும் மழைநீர் ஒரே குளத்துக்கு அல்லது ஆற்றுக்கு வடிகின்றதோ, அந்நிலமே அதன் நீரேந்து நிலம். கனகராயன் ஆற்றின் நீரேந்து நிலத்திற் பெய்யும் மழை இரணைமடுக் குளத்தை வந்தடைகின்றது.

படம் கிடைக்கும் விதம்

2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் என்னும் அமெரிக்க விண்ணோடம் 11 நாட்கள் புவியைச் சுற்றி, றேடார் அலைகளால் நிலத்தின் உயரத்தை அளந்தது. இவ்வளவையிலிருந்து ஆக்கிய படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 30 மீற்றர் அகலமுடையது. கணினி ஒவ்வொரு கட்டத்தையும் சூழவுள்ள 8 கட்டங்களுடன் ஒப்பிட்டு, நீர் எப்பக்கம் வடியும் என்று காணும். பல கட்டங்களின் நீர் சேருமிடம் ஓடையாகும்.

இரண்டு அளவைகள்

இவற்றை ஹோட்டன் என்னும் அமெரிக்க நீரியலறிஞர் 1932 இல் எடுத்துரைத்தார்.

1. வடிவக் காரணி: பரப்பை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்கவும். 16 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நிலம் 8 கிலோமீற்றர் நீளமாயின் விடை 0.25, 5 கிலோமீற்றராயின் 0.64. எண் பெரிதாயின் நிலம் அகன்றது. நாற்புறத்து நீரும் ஒருங்கே வந்து வெள்ளம் திடீரென உயரும். எண் சிறிதாயின் நிலம் நீண்டது. வெள்ளம் தணிந்து, நெடுநேரம் ஓடும்.

2. வடிகால் அடர்த்தி: ஓடைகளின் மொத்த நீளத்தைப் பரப்பால் வகுக்கவும். அதே நிலத்தில் 24 கிலோமீற்றர் ஓடையிருப்பின் அடர்த்தி 1.5. நீரை உறிஞ்சாத கடினத் தரையில் ஓடைகள் நெருங்கியிருக்கும், நீர் விரைந்தோடும். மணற்பாங்கான தரையில் அவை குறைவு.

கவனிக்க வேண்டியவை

இப்படத்தை முற்றாக நம்புதல் கூடாது. அடர்ந்த காட்டில் மரங்களின் உயரமும் சேர்ந்து தரை உயர்வாகத் தோன்றும். சிறு குளக்கட்டுகள் தெரியாமற் போகலாம். சமதரையிற் சில மீற்றர் பிழையே ஓடையின் போக்கை மாற்றிக் காட்டும். 2000 ஆம் ஆண்டின் பின் அமைத்த வீதிகளும் கட்டுகளும் அதில் இல்லை.

ஆகவே, படத்தைக் கையிற்கொண்டு மழை நாளில் நிலத்தை நடந்து பாருங்கள். நீர் ஓடும் வழியைப் படத்திற் குறித்துத் திருத்துங்கள். கோடையிற் காய்ந்து கிடக்கும் பள்ளம் ஓடையென்று தெரியின், அதனை மண்ணிட்டு நிரப்பி மரக்கறிப் பாத்தி அமைக்காதீர்கள். தடுக்கப்பட்ட நீர் அயலவர் வயலை அழிக்கும். உங்கள் கமக்காரர் அமைப்பினூடாக விவசாயப் போதனாசிரியரை நாடி, குளத்தின் படத்தை ஆக்குவதற்கு ஆலோசனை பெறுங்கள்.