போன் இருக்கிறது, பேச ஆள் வேண்டாமா?

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் போன் வாங்கித் தருகிறோம், பெரும்பாலும் யூடியூப் பார்க்கத்தான். அதை நட்புக்கும் பயன்படுத்தலாம்.

முகப்புத் திரையில் நாலைந்து முகங்கள் போதும்: அம்மா, அண்ணன், பயிற்சி மையத்துத் தோழி. படத்தைத் தொட்டால் அழைப்பு போகட்டும். எழுத வராதவருக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு பெரிய வரம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு செயலைப் பழக்குங்கள். அவசரப்பட்டு நாமே அழுத்திக் கொடுத்துவிடக் கூடாது (எனக்கே இது கஷ்டம்தான்).

கண்டவர்கள் அவரைக் குழுவில் சேர்க்காதபடி, வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில் குழுக்களுக்கு ‘என் தொடர்புகள்’ என்று வையுங்கள்.

பணத்துக்கு, 2024-இல் வந்த யூபிஐ சர்க்கிள். டீக்கடையில் அவர் கியூஆர் ஸ்கேன் செய்வார், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம். பழகியபின், மாதம் 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு வைத்து அவரிடமே விட்டுவிடலாம். காசு கொடுப்பவர் அவர் என்றால், கடைக்காரர் உங்களைப் பார்க்காமல் அவரிடம் ‘சர்க்கரை போடவா தம்பி?’ என்று கேட்பார்.

ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை வீட்டில் நடித்துக் காட்டிப் பழக்குங்கள். ஏமாந்துவிட்டால் திட்ட வேண்டாம், அடுத்த முறை மறைத்துவிடுவார். உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.