டீச்சரம்மா வீட்டுக்குப் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. வடக்கு வீதி டீச்சரம்மாவுக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டாயாமே, உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தாயார் ஒண்டியாக. திருவையாற்றில் இப்போது தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ சுறுசுறுப்புக்காரி. எனக்கு அதுதான் கவலை. போன அன்றைக்கே அடுப்படியை ஒழித்துப்போட்டு டப்பாக்களை இடம் மாற்றிவிடுவாய். வேண்டாம். எண்பது தாண்டியவர், கண் மங்கல். எல்லாம் கைப்பழக்கத்தில்தான் எடுக்கிறார். உளுந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அவரால் முடிகிற வேலையைப் பிடுங்கிச் செய்யாதே. மொச்சை உரிக்க ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். எதிரே உட்கார்ந்து நீயும் கூடமாட உரி. இன்றைக்கு என்ன குழம்பு என்று அவரிடம் கேள். சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் வந்தபிறகு, வயதானவர்களுக்கு ரேஷன் சாமான் வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உபகாரம். டீச்சரம்மாவுக்கோ ரேஷன் கடைக்குப் போவது வெளியே கிளம்ப ஒரு சாக்கு. வரிசையில் அவரிடம் படித்தவர்கள் நாலு பேராவது வணக்கம் சொல்வார்கள். சாமான்தான் வந்துவிட்டதே என்று அவரை வீட்டோடு முடக்கிவிடாதே. வெயில் தாழ்ந்ததும் ஐயாறப்பர் கோயில் வரை கூட்டிப்போ. ஜூனில் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கத் துடிப்பார். புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போகலாம், படியில் மட்டும் இறங்கவிடாதே.

டீச்சரம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பார்த்த கதை ஒன்று வைத்திருக்கிறார். நாகரத்தினம்மாள் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டிவிட்டு, கடைசிக் காலத்தில் இந்த ஊரிலேயே வாழ்ந்து 1952இல் காலமானவர். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி. அந்தக் கதையை டீச்சரம்மா நாளைக்கும் சொல்வார், மறுநாளும் சொல்வார். ‘நேத்தே சொன்னீங்களே’ என்று வாய்தவறியும் சொல்லாதே. அன்றைக்கு யார் கூட்டிப் போனார்கள், நாகரத்தினம்மாள் என்ன புடவை கட்டியிருந்தார் என்று புதிதாக ஏதாவது கேள். கதை வேறு பக்கம் திரும்பும், உனக்கும் அலுப்புத் தட்டாது.

நான் நர்ஸாக இருந்தவள், இதைச் சொல்லாமல் விட முடியாது. வயதானால் தாகம் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி எழுந்து கொல்லைப்பக்கம் போகவேண்டுமே என்று தண்ணீரை வேறு குறைத்துக்கொள்வார்கள். கேட்டால் ‘குடிச்சாச்சு’ என்பார்கள். பகலிலேயே மோர், கஞ்சி என்று டம்ளரைக் கையில் கொடு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், வயசாகிவிட்டது, அப்படித்தான் என்று விட்டுவிடாதே. சிறுநீரில் தொற்று, உடம்பில் உப்புச்சத்துக் குறைவு, புதிதாகக் கொடுத்த மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து அப்புறம் எழுந்திருக்கச் சொல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து ஊழியர் மாத்திரையோடு வரும்போது பக்கத்தில் இரு. கேள்விக்குப் பதில் டீச்சரம்மா சொல்லட்டும்.

பிள்ளைகள் வீடியோவில் வரும்போது ‘அம்மா சரியாவே சாப்பிடலை’ என்று அவர் முன்னாலேயே புகார் வாசிக்காதே. சொல்லவேண்டியது இருந்தால், ‘நான் அவங்ககிட்ட சொல்லப்போறேன்மா’ என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சொல். ஏ.டி.எம். கார்டைத் தொடாதே. கடைச் செலவு அன்றன்றைக்கு நோட்டில் ஏறட்டும். பிரியத்தில் நகை எதுவும் கழற்றிக் கொடுத்தால் வாங்காதே.

சம்பளம் பேசக் கூச்சப்படாதே. வாரத்தில் ஒருநாள் லீவு, ராத்திரி தங்கினால் அதற்குத் தனியாக என்று பெரிய மகனிடம் முதலிலேயே பேசிவிடு. உன் லீவு நாளுக்கு மாற்று ஆள் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. 108ஐயும், முதியோர் உதவி எண் 14567ஐயும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு.

தியாகராஜர் ஆராதனைக்கு நான் வருவேன். பஞ்சரத்தினம் பாடுகிற காலையில் கூட்டம் நெரியும், அவருக்குத் தாங்காது. முந்தின நாள் சாயங்காலம் போகலாமா என்று டீச்சரம்மாவிடம் கேட்டு எனக்குச் சொல்.

உன் பெரியம்மா