இடது கையை ஊசிக்குக் கொடுக்காதேயுங்கள்



இந்த மாதப் பாடம் வழக்கமான பாடம் அல்ல. சிறுநீரகத்தைப் பற்றிய பாடம். நான் டாக்டர் அல்ல, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராயிருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. என் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து இப்போது செய்கிற வேலை மிகக் கொஞ்சம். கிரியாட்டினின் 4.8. அதையும் வயதையும் வைத்து டாக்டர் கணக்குப் போட்டு எழுதுகிற இன்னொரு எண் உண்டு, இ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள். அது எனக்கு 13. 15-க்குக் கீழே வந்தால் ஐந்தாம் நிலை, அதற்கு மேலே நிலை கிடையாது. டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஆரம்பிக்கிற நாள் தூரத்தில் இல்லை.

பாடத்துக்குள் போகுமுன்னே என் தப்பிதத்தைச் சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபரில் ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். கிரியாட்டினின் 3.4 இருந்தது, சபையாக ஜெபித்தோம், 2.9 ஆயிற்று, நான் சுகமானேன் என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். இறங்கினது மெய்தான். ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முழங்கால் வலிக்கென்று வருஷக்கணக்காய் மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையை அந்த ஜூலையில்தான் டாக்டர் நிறுத்தினார். அந்த மாதிரி வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும். நிறுத்தினால் கொஞ்சம் இறங்கும். அதுதான் நடந்தது. ஆரோக்கியமான ஆணுக்கு ஏறக்குறைய 1 இருக்கவேண்டிய இடத்தில் 2.9 இருந்தால் அது சுகமா?

இன்னொன்றும் சொன்னேன். சர்க்கரை குறைந்துவிட்டது, இன்சுலினைப் பாதியாக்கிவிட்டார்கள் என்று சந்தோஷமாய்ச் சொன்னேன். பிறகுதான் டாக்டர் விளக்கினார்: "ஐயா, இன்சுலினை உடம்பை விட்டு வெளியேத்துறதுல கிட்னிக்கும் பங்கு உண்டு. கிட்னி கெட்டா அது ரத்தத்துல ரொம்ப நேரம் தங்கும். அதான் சுகர் இறங்குது. இது நல்ல செய்தி இல்ல." தலையில் தண்ணீர் ஊற்றினது போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன், பேர் வேண்டாம். அவர்களுக்கும் இதே வியாதி, என்னைவிட முற்றினது. கையில் ஃபிஸ்டுலா போடத் தேதிகூடக் குறித்தாயிற்று. என் சாட்சியைக் கேட்டு, "தம்பிக்கு ஆனது எனக்கும் ஆகும்" என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்தி, அந்தத் தேதிக்கும் போகாமல் விட்டுவிட்டார்கள். 2024 மார்ச்சில் ஒரு ராத்திரி மூச்சு விட முடியவில்லை. படுத்தால் திணறல், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கழுத்தில் குழாய் போட்டு, அந்த ராத்திரியே மிஷினில் ஏற்றினார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நான் போய்க் கட்டில் பக்கம் நின்றேன். "நீ என்னப்பா செய்வ, நல்லதுன்னு நெனச்சுதான சொன்ன" என்றார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும்.

பாஸ்டர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மேடையில சொன்னத மேடையிலயே திருத்துங்க, பத்திரிகையிலும் எழுதுங்க" என்றார். மேடையில் திருத்திவிட்டேன். இது மற்றது.

ஜெபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தவறாய் எண்ணவேண்டாம். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்ட சமயத்திலும் அவருடைய புண்ணுக்கு அத்திப்பழம் பற்றுப் போட்டார்கள். வாசித்துப் பாருங்கள், 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரம். மருந்தை நிறுத்திக் காட்டும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

இப்போது பாடம். "உப்பு கூடியிருக்கு" என்று நம் ஊரில் சொல்வார்கள். சாப்பாட்டு உப்பு என்று நினைத்துவிடுகிறோம். இது யூரியா, கிரியாட்டினின் என்கிற கழிவு. சிறுநீரகம் கெடும்போது வெளியே போகாமல் இரத்தத்திலேயே தங்குகிறது. இந்த வியாதியின் பொல்லாத குணம் என்னவென்றால், வலிக்காது. முக்கால்வாசி போகிற வரையிலும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பான். எனக்கு முதலில் தெரிந்தது சிறுநீரில் நுரை, ராத்திரி மூன்று நாலு தரம் எழும்புவது. அப்புறம் சாயங்காலத்தில் செருப்பு இறுகும். இப்போது காலையில் வாயில் ஒரு இரும்பு ருசி, அரிப்பு, மாடிப்படி ஏறினால் இளைப்பு. சிறுநீரகம் தருகிற ஒரு சுரப்பினால்தான் இரத்தம் ஊறுகிறதாம். அது குறைந்ததினால் இரத்த சோகை. அதற்குத் தனி ஊசி உண்டு, போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, தலைப்பில் இடது கை எதற்கு? இங்கேதான் எல்லாரும் தவறுகிறோம், ஆகவே கொஞ்சம் விஸ்தாரமாய்ச் சொல்லுகிறேன்.

டயாலிசிஸ் என்பது இரத்தத்தை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வு வழியாய்ச் சுத்தம்பண்ணித் திரும்ப உள்ளே அனுப்புவது. ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 300 மில்லி இரத்தம் ஓடவேண்டும். நாலு மணி நேரம், வழக்கமாய் வாரத்துக்கு மூன்று தரம். ஊசி போடுகிற சாதாரண நரம்பு இதற்குத் தாங்காது. எங்கள் வேலையில் சொன்னால், வீட்டு சர்வீஸ் வயரில் அரிசி மில்லை ஓட்டப் பார்ப்பது போல.

இந்தக் கஷ்டம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஹாலந்து தேசத்தில் காம்பன் என்கிற ஊரில், 1943-ல், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த யுத்த காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்கிற டாக்டர் முதல் மிஷினைச் செய்தார். சவ்வுக்கு அவர் எடுத்தது இறைச்சி அடைக்கிற செல்லோஃபேன் குழாய்! 1945-ல் 67 வயதான ஒரு அம்மா அந்த மிஷினால் பிழைத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு தரமும் புதிதாய் இரத்தக்குழாயை வெட்டவேண்டியிருந்ததால் வருஷக்கணக்காய்ச் செய்ய வழியில்லை. 1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஸ்கிரிப்னர் டாக்டர் கையிலேயே தங்கியிருக்கிற டெஃப்லான் குழாய் கண்டுபிடித்தார். 1966-ல் நியூயார்க்கில் சிமினோ, பிரெஷியா என்ற டாக்டர்களும் கூட்டாளிகளும், வெளிக்குழாயே வேண்டாம், கைக்குள்ளேயே தமனியையும் சிரையையும் இணைத்துவிடலாம் என்று எழுதினார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. இன்றைக்கும் அதுதான் முதல் வழி.

தமனியின் வேகத்தில் இரத்தம் பாயும்போது சிரை கொஞ்சங்கொஞ்சமாய்ப் பருத்து, சுவர் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும்படி ஆகும். ஒரே நாளில் ஆகாது. ஆறு வாரம் ஆகலாம், மூன்று மாசமும் ஆகலாம். சிலருக்கு முதல் தரம் பிடிக்காது. ஆகவேதான் 20-க்குக் கீழே இறங்கிக்கொண்டே வருகிறவர்களுக்கு முன்கூட்டியே போடச் சொல்கிறார்கள். நாம் என்ன நினைக்கிறோம்? "ஃபிஸ்டுலா போட்டா டயாலிசிஸ் வந்துரும்." நானும் எட்டு மாசம் அப்படித்தான் ஒளிந்து திரிந்தேன். என் மனைவி மட்டும், "கொடை வாங்குனா மழை வந்துருமா? என்னங்க பேச்சு இது" என்றாள்.

அக்காவைக் கட்டிலில் பார்த்த பிறகுதான் போனேன். 2024 ஜூனில் இடது மணிக்கட்டில் போட்டார்கள். மூன்று வாரத்தில் அடைத்துவிட்டது. காரணம், 2019-ல் காய்ச்சலுக்கு ஒன்பது நாள் அந்தக் கையிலேயே டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். நரம்பு அப்போதே புண்ணாகித் தழும்பேறிவிட்டது. பிறகு முழங்கை மடிப்பில் இரண்டாவது தரம் போட்டு, அது பிடித்தது. விரலை வைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி விர்ர் என்கிறது. காலையும் மாலையும் தொட்டுப் பார்க்கிறேன். நின்றுபோனால் அன்றைக்கே ஓடவேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, பை தூக்கக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. அவசரத்தில் போயிருந்தால் இந்த இரண்டாவது தருணம் கிடைத்திருக்குமா? கழுத்துக் குழாயோடுதான் மாதக்கணக்காய் இருந்திருப்பேன். அந்தக் குழாய் வழியே கிருமி நேரே இரத்தத்துக்குள் போகும். அக்காவுக்கு ஒரு தரம் அப்படிக் குளிர்காய்ச்சலும் வந்தது.

ஆகவே சிறுநீரகத்தில் குறை என்று டாக்டர் சொல்லியிருந்தால், இன்றைக்கே ஒன்று செய்யலாம். வலது கைக்காரர் இடது கையையும், இடது கைக்காரர் வலது கையையும் காப்பாற்றுங்கள். இரத்தம் எடுக்க வந்தால், "சிஸ்டர், இந்தக் கை வேண்டாம், அந்தக் கையில புறங்கையில எடுங்க" என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் இப்போதே கேளுங்கள். டயாலிசிஸ் ஆரம்பிக்குமுன் போட்டால்தான் நன்றாய்ப் பிடிக்கிறது.

"கிரியாட்டினின் 5 ஆனா மிஷின்தானே?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு எண் கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரைச் சேர்த்து, சிலருக்குச் சீக்கிரமாயும் சிலருக்குத் தாமதித்தும் ஆரம்பித்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று இல்லை. ஆனால் தாமதிக்க வைத்தவர்களில் பெரும்பாலோர் குறித்த எண்ணுக்கு முன்பே தொந்தரவு வந்து ஆரம்பிக்கவேண்டியதாயிற்று. ஆகையால் டாக்டர் ஆளைத்தான் பார்க்கிறார். வாந்தி, சாப்பாடு இறங்காமை, மருந்துக்கு அடங்காத நீர், பொட்டாசியம், இவைதான் நாள் குறிக்கும்.

பொட்டாசியம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதேயுங்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் அன்பாய் இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும்தான் வாங்கி வருகிறீர்கள். மூன்றுமே எனக்கு ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுவிடலாம், முன்னறிவிப்பே இராது. ஆப்பிள், பேரிக்காய் என்றால் ஒரு துண்டு சாப்பிடுவேன். நட்சத்திரப் பழம் யாருமே கொடுக்கவேண்டாம், சிறுநீரகம் கெட்டவனுக்கு அது மூளையைத் தாக்குகிற விஷம். வீட்டில் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து அதையும் வடிக்கிறாள். ருசி போய்விடுகிறது, உண்மைதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு நின்றுவிட்டது. சோடியம் குறைந்தது என்று விற்கிற உப்பையும் வாங்காதேயுங்கள், அதில் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறது.

எல்லாரும் மிஷினுக்குத்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே நாளுக்கு மூன்று நாலு தரம் பை மாற்றிக்கொள்கிற முறை உண்டு. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மிஷின் டயாலிசிஸுக்கும் உதவி உண்டு. அட்டை இல்லாதவர்கள் கழுத்துக்குக் குழாய் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே எடுங்கள். மாற்று சிறுநீரகம் எல்லாவற்றிலும் நல்லது, டயாலிசிஸுக்கு முன்னமேகூடச் செய்யலாம். என் மனைவி தருகிறேன் என்றாள். அவளுக்கும் சர்க்கரை என்பதால் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப்பற்றி இங்கே அதிகம் எழுத எனக்குத் திராணி இல்லை.

நான் வியாழக்கிழமைகளில் காலை 6:10 பஸ்ஸில் சிறுநீரகப் பிரிவுக்குப் போகிறேன். வரப் பயப்படுகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள், சேர்ந்து போகலாம். உண்மை என்னவென்றால் தனியாய்ப் போக எனக்கும் பயம்தான்.

அக்காவுக்கு இப்போது கையில் ஃபிஸ்டுலா ஆயத்தமாகி, கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். முடிந்து இறங்கும்போது தலை சுற்றுகிறது, கூட ஒரு ஆள் வேண்டும். திங்களுக்கு அவர்கள் மருமகள் போகிறாள், புதனுக்கு என் மனைவி போகிறாள். வெள்ளிக்கு ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை நமக்கு உபவாச ஜெபம் என்பது எனக்கும் தெரியும்.