நெய் கேட்காத பலகாரம்

தீபாவளிக்கு வரும் புது மருமகள் பால், நெய், தேன் எதையும் தொடுவதில்லையாம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் கொடுக்கும்போது அவளுக்கு மட்டும் தனித்தட்டு வைக்க மனசு வரவில்லை, என்ன செய்யலாம் என்று கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தனித்தட்டே வேண்டாமுங்க. எல்லாருக்கும் ஒரே டப்பா.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மைசூர்பாகில் நெய்யை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் ஊற்றும் வேலை. நான் ஊற்றிப் பார்த்தேன்; துண்டு போட அரிவாள்மனையை எடுக்க வேண்டியதாயிற்று. நெய்யால் ருசிக்கும் பண்டத்தை நெய்க்கே விட்டுவிடுங்கள். நெய் கேட்காத பலகாரம் கொங்கு வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆடி 1 அன்று ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் தேங்காய் சுடுகிறார்களே, பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரையைக் கண் வழியே திணித்து, அழிஞ்சில் குச்சியில் குத்தித் தீயில் வாட்டுவது, அதில் பால் ஏது, நெய் ஏது?

டப்பாவில் முதலிடம் கச்சாயத்துக்கு. ஒரு டம்ளர் பச்சரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, முக்கால் டம்ளர் பொடித்த வெல்லத்தோடு அரையுங்கள். தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், வெல்லமே இளகி மாவை நீர்க்க வைக்கும். இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஏலக்காய், எள் சேர்த்து நாலைந்து மணி நேரம் வைத்துவிட்டு, மிதமான தீயில் கடலை எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிச் சுடுங்கள். முதல் கச்சாயம் எண்ணெயில் பிரிந்து போனால் வெல்லம் தூக்கல் என்று அர்த்தம். இரண்டு ஸ்பூன் அரிசி மாவு தூவிக் கலந்தால் அடுத்தது நிற்கும்.

எள்ளுருண்டைக்குப் பாகே வேண்டாம். வெடிக்க வறுத்த எள்ளை ஆறவிட்டு, அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வெல்லம் போட்டு இடித்தால், எள்ளின் எண்ணெயே உருண்டை பிடிக்க வைக்கும். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் களிம்பாகிவிடும்.

பேரப்பிள்ளைகள் கேக் கேட்பார்கள். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் நாட்டுச்சர்க்கரை, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் சலித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு கப் எண்ணெய், ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, கட்டி கரைந்ததும் நிறுத்திவிடுங்கள். வினிகரும் சோடாவும் சேர்ந்து பொங்கும் அந்தப் பொங்கல்தான் முட்டையின் வேலையைச் செய்கிறது, ஆறப்போட்டால் அமுங்கிவிடும். உடனே 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். தேங்காய் எண்ணெய் ஊற்றுவதானால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கோவைக் குளிரில் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து மாவில் திரிதிரியாக நிற்கும்.

நெய் திருட்டுத்தனமாக நுழையும் இடம், போளி என்கிற ஒப்பிட்டு. மாவு பிசைய, கல்லில் தடவ, சுட்டெடுத்ததும் மேலே பூச என்று கை தன்னால் நெய்க் கிண்ணத்துக்குப் போகும். கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு மாவுக்கு நல்லெண்ணெய், கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் எடுங்கள். கடையில் பிஸ்கட், சாக்லேட் வாங்கிச் சேர்ப்பதானால், பச்சை இலையோடு 'வி' எழுத்து உள்ள முத்திரையைப் பாருங்கள். வீகன் உணவுக்கென்று 2022-இல் வந்த விதியின்படி அந்த அடையாளம். வழக்கமான பச்சைப் புள்ளி போதாது, அது பால் பொருளுக்கும் உண்டு.

மூடியில் 'எள், கடலை எண்ணெய் உண்டு' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதோ. எள்ளுருண்டையை ஒரு வாரம் முன்பே பிடித்து வைக்கலாம், கச்சாயத்தை இரண்டு நாள் முன்பு. தேங்காய் ஒப்பிட்டை மட்டும் கொடுக்கிற அன்று காலையில் சுடுங்கள், பூரணம் மறுநாளே வாடை தட்டும்.